செட்டியார் தொந்தியில் 'மணமகள் தேவை'

மகாளய அமாவாசை. பரணிலிருந்து கொலுப் பெட்டி இறங்கிவிட்டது. செய்தித்தாளைப் பிரித்தால் செட்டியார் பொம்மை லேசில் வெளியே வரமாட்டேன் என்கிறார். இழுத்த இழுப்பில் வந்தார், தொந்தியில் இடவலம் மாறிய எழுத்தில் 'மணமகள் தேவை' விளம்பரத்தோடு. பக்கத்திலேயே செட்டிச்சியம்மாள் உட்கார்ந்திருக்கிறார்.

செய்தித்தாள் மேல் குற்றமில்லை. போன நவராத்திரிக்கு அடித்த வார்னிஷ் கையில் ஒட்டவில்லை என்றதும் சுருட்டி வைத்ததுதான் வினை. மேலே காய்வது வேறு, அடிவரை இறுகுவது வேறு. அரைகுறையாக இறுகிய கிளாஸ் (gloss, பளபளக்கும்) வார்னிஷ் சித்திரை மாசப் பரண் சூட்டில் இளகி, எது மேலே படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் கலந்து பூசும் அக்ரிலிக் வார்னிஷ் என்றால் ஒரு வாரமாவது திறந்து வைக்கணும். எண்ணெய் வார்னிஷுக்கு மூன்று வாரம், அதுவும் போகப் போக மஞ்சளடிக்கும். வெள்ளை வேட்டி கட்டிய பொம்மைக்கு அது வேண்டவே வேண்டாம். சுற்றுவதற்குப் பழைய பருத்தி வேட்டி நல்லது. பிளாஸ்டிக் கவரும் இதே மாதிரி ஒட்டும்.

அடுத்த கூத்து அம்மன் முகத்தில். பண்ருட்டிப் பொம்மையோ விளாச்சேரிப் பொம்மையோ, வெளுத்த கண்ணுக்குப் பிள்ளைகளின் போஸ்டர் கலரால் மை தீட்டி, மேலே பிரஷால் வார்னிஷ் இழுத்தால் மை கன்னத்துக்கு வந்துவிடும். அருள் பொழியவேண்டிய அம்மன் அழுதுகொண்டிருப்பாள். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும், அக்ரிலிக் கரையாது. சந்தேகம் வந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, பீடத்தின் பின்பக்கம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் பிரஷைத் தொடாமல் ஸ்பிரேதான். மார்க்கர் பேனாக் கோடு என்றால் கதை தலைகீழ்: தண்ணீருக்கு அசையாதது ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பானுக்குக் கசிந்துவிடும்.

மண் பொம்மையை ஈரத்துணியால் துடைத்த கையோடு பூசவும் கூடாது. உள்ளே இழுத்த ஈரம் வெளியேற வழியில்லாமல் வார்னிஷைத் தோல் மாதிரி உரித்துவிடும். ஒரு நாள் காயட்டும்.

ஸ்பிரே டப்பாவை உள்ளே குண்டு உருளும் சத்தம் வந்த பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்கணும். 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, பொம்மைக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடிக்கணும். கிட்டே போனால் வழிந்து தாடையில் சொட்டாக நிற்கும். எட்டப் போனால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, தொட்டால் ரவையாகச் சொரசொரக்கும். பூஜையறையில், விளக்கு எரியும்போது அடிக்கவே கூடாது. அது தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

ஐப்பசி மழைநாளில் அடித்தால் பொம்மை திருநீறு பூசினது மாதிரி வெளுக்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து மாட்டிக்கொள்வதுதான் காரணம். சுரண்டாதீர்கள். வெயில் அடிக்கிற நாளில், நிழலில் வைத்து, மெல்லிசாக ஒரு கிளாஸ் பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பளபளக்காத மேட் (matte) வார்னிஷ் வெளுத்தால் ஈரம் மட்டுமே காரணம் என்று நினைக்கவேண்டாம். பளபளப்பைக் குறைக்கும் தூள் அடியில் தங்கியிருக்க, கலக்காமல் ஊற்றினாலும் கடைசி சொட்டுகள் பால் மாதிரிதான் வரும். பாட்டிலைக் குலுக்கினால் நுரை கட்டும், அதனால் குச்சியால் கிளறணும்.

எல்லாவற்றுக்கும் கிளாஸ் அடித்தால் சீரியல் செட் வெளிச்சத்தில் அத்தனை சாமியும் எண்ணெய்க் குளியல் முடித்து வந்த மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேட் அடித்தால் தங்க ஒட்டியாணம் கடுகு நிறமாகும். முதலில் கிளாஸ், அது காய்ந்ததும் மேட், கடைசியில் நகைகளுக்கு மட்டும் பிரஷால் மறுபடி கிளாஸ். பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டுக் கண்மணியில் ஒரு புள்ளி வைத்தால் அம்மன் நிமிர்ந்து பார்ப்பாள்.

செட்டியாருக்கு வருவோம். ஒட்டின காகிதத்தை ஈரப்பஞ்சால் ஊறவைத்து, கட்டைவிரலால் உருட்டி எடுக்கலாம். அச்சு மை தண்ணீருக்குப் போகாது. உடம்பு நிறத்தில் அக்ரிலிக் இரண்டு கை கொடுத்தால் மறையும். ஆனால் அது காய்ந்து, மேலே வார்னிஷும் இறுக நாள் எங்கே இருக்கிறது? இந்த வருஷத்துக்குத் துவரம்பருப்புக் கிண்ணத்தைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி, குவியலாகக் கொட்டி வைத்துவிடுங்கள். செட்டிச்சியம்மாளுக்கு அந்தக் கோணத்திலிருந்து தெரியாது.