காலை டிபனில் தொடங்கிய வைத்தியம்

2019 தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி 11.30 மணி இருக்கும். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை, அன்றைக்கு நைட் டூட்டி. பிள்ளைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள். திருச்சி உறையூரில் எங்கள் வாடகை வீட்டு அடுக்களையில் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தேன். நாத்தனார் வீட்டுக்கென்று எடுத்து வைத்த எவர்சில்வர் டப்பாவில் 15 அதிரசம் இருந்தது. மூடி இறுக்கமானது, திறந்தால் 'டப்'பென்று சத்தம் வரும். சத்தம் வராமல் திறக்க நான் பழகியிருந்தேன். மூடிமேல் ஈரத்துணியைப் போட்டு, இரண்டு கட்டைவிரலாலும் ஓரத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். முதல் அதிரசம் ருசித்தது. இரண்டாவதும் ருசித்தது. அதற்குப் பிறகு மென்றதுகூட நினைவில் இல்லை. டப்பாவின் அடியில் எண்ணெயும் எள்ளும் மட்டும் ஒட்டியிருந்தபோதுதான் கை நின்றது. பிறகு மிக்சர் பாக்கெட். அதற்கும் பிறகு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஸ்பூனை விட்டு, பொடியை அப்படியே வாயில்.

மறுநாள் நாத்தனார் வந்தார். "எறும்பு ஏறிடுச்சு அண்ணி, கொட்டிட்டேன்" என்றேன். "அடடா, அவ்வளவுமா?" என்று வருத்தப்பட்டார். தின்றதைவிட அந்தப் பொய்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்போது என் வயது 36, எடை 84 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். கூட்டுறவு வங்கியில் கணக்கு வேலை. காலையில் எல்லாருக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் காபியோடு கிளம்புவேன். மதியம் மூன்று ஸ்பூன் சாதம், கொஞ்சம் பொரியல். "நீங்க சாப்பிடறதே இல்லையே, எப்படி இந்த உடம்பு?" என்று கூட வேலை செய்கிறவர்கள் உண்மையான அக்கறையோடுதான் கேட்பார்கள். எல்லாரும் படுத்த பிறகு நடப்பதை நான் எப்படிச் சொல்வது? வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் நான்கு நாள். கல்லூரிக் காலத்திலேயே தொடங்கியது, கல்யாணத்துக்குப் பிறகு முற்றியது.

எடை குறைக்க நான் செய்யாதது இல்லை. கொள்ளு ரசம், வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு, ராத்திரி வெறும் வெள்ளரிக்காய். 2018-ல் அரிசி, இனிப்பு எல்லாவற்றையும் விலக்குகிற பேலியோ உணவுமுறையில் இருந்தேன். மூன்று மாதத்தில் 9 கிலோ குறைந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். நான்காவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒரு ஜிலேபி. அன்றைக்கு ராத்திரியே பழைய கதை திரும்பிவிட்டது. ஒரு வருஷத்துக்குள் 12 கிலோ ஏறினேன். பேலியோவால் நன்றாக இருக்கிறவர்களை எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஒன்றைத் தொடவே கூடாது என்று விலக்கினால் ராத்திரியில் கை அதைத்தான் தேடும். என் உடம்பும் மனசும் அப்படி.

2021 ஜனவரியில் முழங்கால் வலிக்காக ஒரு டாக்டரிடம் போனேன். சுகர் பார்த்ததில் மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 6.1. சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. என் அம்மாவுக்கு சுகரால் கால் விரல் ஒன்றை எடுத்திருக்கிறார்கள், அதனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. டாக்டர் நிமிராமலே "வாயைக் கட்டும்மா, வேற வைத்தியம் இல்ல" என்று சொல்லி, ஒரு நாளைக்கு 1,000 கலோரி என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார். வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஒரு பேக்கரியில் நின்று, நான்கு தேங்காய் பன் வாங்கி, ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே தின்று முடித்தேன்.

அந்த பன் கவரைக் கசக்கிப் போடும்போதுதான், இது வாய் சம்பந்தப்பட்டது இல்லை, நமக்கு வேறு ஏதோ இருக்கிறது என்று முதல் தடவையாகத் தோன்றியது. இரண்டு வாரம் தயங்கி, ஒரு மருத்துவமனையில் உளவியல் ஆலோசகரைப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் வயதுள்ள அம்மா. அவர் என் எடையைக் கேட்கவே இல்லை. "யாரும் இல்லாத நேரத்துல, நிறுத்த முடியாம சாப்பிடறது உண்டா? முடிஞ்சதும் உங்களையே வெறுக்கறீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை, அழுதுவிட்டேன். அவர் டிஷ்யூவை நகர்த்தி வைத்துவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

இதற்கு பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் என்று பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013-ல் இதைத் தனி நோயாகவே சேர்த்திருக்கிறார்கள். வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக, கட்டுப்பாடு கைவிட்டுப்போகிற மாதிரிச் சாப்பிடுவது. வேகமாக, வயிறு வலிக்கிற வரை, பசி இல்லாமலே, வெட்கத்தால் தனியாக. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என் அடுக்களையை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்த மாதிரி இருந்தது.

அவர் சொன்ன ஒரு கதை என் எண்ணத்தையே மாற்றியது. 1945-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் கிட்டத்தட்ட பாதிச் சாப்பாடுதான் கொடுத்தார். அவர்களாகவே முன்வந்தவர்கள். எடையில் கால்பங்கு போயிற்று. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைப் புரட்டினார்கள். திரும்ப வேண்டிய அளவு சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்கு எவ்வளவு தின்றாலும் அடங்கவில்லை. "அவங்க யாருக்கும் முன்னாடி இந்தப் பழக்கம் இல்ல. பட்டினிதான் அவங்கள அப்படி ஆக்குச்சு. நீங்க தினமும் பகல்ல அந்தப் பரிசோதனையைத்தான் பண்றீங்க" என்றார்.

அவர் கொடுத்த முதல் வேலை, காலை எட்டு மணிக்கு நான்கு இட்லி, சாம்பார் விட்டுக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எடை குறைப்பதைப் பற்றி ஆறு மாதம் பேசவே கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. 8 மணிக்கு டிபன், 11 மணிக்கு மோரோ பழமோ, 1.30-க்கு முழுச் சாப்பாடு, 4.30-க்கு சுண்டல் மாதிரி ஏதாவது, 8 மணிக்கு ராத்திரிச் சாப்பாடு. ராத்திரி கட்டுமீறிப் போயிருந்தாலும் மறுநாள் காலை அந்த நான்கு இட்லி உண்டு. ஈடுகட்டப் பட்டினி கிடக்கவே கூடாது.

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தட்டில் நான்கு இட்லியைப் பார்க்கும்போது கை நடுங்கியது. 84 கிலோ உடம்போடு காலையில் இவ்வளவா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் மாதத்தில் ஒன்றரை கிலோ ஏறவும் செய்தது. ஆனால் அந்த மாதம் ராத்திரி அடுக்களைக்குப் போனது ஐந்தே தடவை. முந்தைய மாதம் பதின்மூன்று.

எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், நோட்டில் எழுதினேன். பிள்ளையின் பழைய கோடு போட்ட நோட்டு. நேரம், என்ன சாப்பிட்டேன், எங்கே உட்கார்ந்து, அதற்கு முன் என்ன நடந்தது. கலோரி எழுதக் கூடாது. கட்டுமீறிப் போன இடத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். ஆறு வாரம் கழித்துப் புரட்டியபோது நட்சத்திரங்கள் பெரும்பாலும் மூன்று இடத்தில் விழுந்திருந்தன. வெள்ளிக்கிழமை விரத நாட்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற, மதியச் சாப்பாடு தவறிய நாட்கள். கணவருக்கு நைட் டூட்டி உள்ள நாட்கள். இத்தனை வருஷமாக எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று நான் நினைத்திருந்தது, அந்த நோட்டில் அட்டவணை போட்ட மாதிரி இருந்தது.

விரதத்தை விடச் சொல்வாரோ என்று பயந்தேன். ஆலோசகர் விடச் சொல்லவில்லை. சாதத்தைத் தவிர்த்து மூன்று வேளையும் பலகாரமும் பழமும் சாப்பிட்டு விரதம் இருங்கள் என்றார். அம்மா மட்டும் போனில், "ஏண்டி, விரதத்துலயும் கணக்கு போட ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். காரணத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் உங்க அப்பா தூங்கினப்புறம் வெல்லத்தை எடுத்து எடுத்து வாயில போட்டுப்பேன்" என்றாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கணவரிடம் சொன்னது மூன்றாவது மாதம். "நான் நைட் டூட்டி போறப்பல்லாமா?" என்று கேட்டவர், கொஞ்ச நேரம் கழித்து, "நான் பத்தரைக்கு போன் பண்றேன். சும்மா பேசு" என்றார். இன்றுவரை அந்த போன் வருகிறது. ஆசை உச்சத்துக்கு ஏறி, இருபது நிமிஷமோ அரை மணியோ தாக்குப்பிடித்தால் இறங்கிவிடும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அந்த நேரம் முழுக்க மொட்டை மாடியில் நின்று அவரோடு மின்சார பில், பிள்ளையின் கணக்கு மார்க் என்று பேசுவேன். சில நாள் இறங்கியது. சில நாள் இறங்கவில்லை, நட்சத்திரம் போட்டேன்.

மிச்சச் சோறு எனக்குப் பெரிய கண்ணியாக இருந்தது. வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். பாத்திரம் தேய்ப்பதற்கு முன் நின்றபடியே குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிடுவதில்தான் பல ராத்திரிகள் தொடங்கின. அதற்கு வழி என் மாமியார்தான் சொன்னார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த கையோடு மிச்சச் சாதத்தில் தண்ணீர் ஊற்றிவிடு, காலையில் பழைய சோறாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். உலை அரிசியையும் அரை ஆழாக்கு குறைத்தேன்.

ஆறாவது மாதம் ஆலோசகர் முன்னாலேயே ஒரு அதிரசம் சாப்பிட வைத்தார். தட்டில் வைத்து, பிட்டுப் பிட்டு. எட்டு நிமிஷம் ஆனது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, ஏலக்காயும் சுக்கும் பின்னால் மெதுவாக வந்தன. இத்தனை வருஷம் இவ்வளவு அதிரசம் தின்றும் சுக்கு போடுகிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பாதியில் போதும் என்று வைத்துவிட்டேன். வைக்க முடிந்தது என்பதை நம்ப முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடை அதற்குப் பிறகுதான் அசைந்தது, அதுவும் மெல்ல. தட்டில் பாதி காய், சாதத்தைக் குறைத்து ஒரு முட்டையோ பயறோ, தினமும் 40 நிமிஷ நடை, முழங்காலுக்காகப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள். எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு தடவை மட்டும், திங்கள் காலை. மாதம் அரை கிலோ, சில மாதம் ஒன்றுமே இல்லை. 2023 கடைசியில் 72 கிலோ. அதற்குப் பிறகு 71-க்கும் 73-க்கும் இடையில் நிற்கிறது. இந்தியர்களுக்கான கணக்கில் இது இன்னும் உடல்பருமன்தான். ஆனால் ஹெச்பிஏ1சி 5.6, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிப்பதில்லை. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு, நடைப் பழக்கத்தை மாற்றியதால் மட்டும் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது, எடை பெரிதாகக் குறையாமலே. எடை நின்றுபோன மாதங்களில் இதை நினைத்துத்தான் நடையை விடாமல் இருந்தேன்.

இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் கட்டாயம் டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பதோ பேதி மாத்திரை போடுவதோ இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், அதற்கு உடனடி மருத்துவம் வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடலாம், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

போன ஆடி மாதம் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்குக் குளிக்க வந்த ராத்திரி, ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் அரை டப்பா முறுக்கையும் நின்றபடியே முடித்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த நட்சத்திரம். நோட்டில் போட்டேன். பத்தரைக்கு அவர் கூப்பிட்டபோது, "இன்னிக்கு ஆயிடுச்சுங்க" என்றேன். "சரி, படு" என்றார். காலையில் இட்லி ஊற்றி, நான்கைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மீதியை அம்மாவுக்காக டப்பாவில் வைத்து மூடி, எட்டே முக்காலுக்கு மருத்துவமனைக்குக் கிளம்பினேன்.