மெய்ப்பு மேசையில் சில ஷெல் ஸ்கிரிப்டுகள்

புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஒரு புத்தகத்தின் முதல் வரியைத் தொடுவதற்கு முன்பே சில்லறை வேலைகள் வரிசை கட்டி நிற்கும். மெயிலில் வந்த ஜிப் ஃபைலைப் பிரிக்க வேண்டும். ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘இறுதி திருத்தியது 2’ என்று வந்திருக்கும் ஃபைல்களுக்கு ஒழுங்கான பெயர் வைக்க வேண்டும். மூலத்தைப் பிரதி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். பழைய புத்தகம் என்றால் ஸ்கேன் செய்த பக்கங்களை எழுத்தாக மாற்ற வேண்டும். இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனால் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தை இங்கேயே செலவழித்துவிட்டால், ‘கறுப்பு’, ‘கருப்பு’ இரண்டும் ஒரே அத்தியாயத்தில் வரும்போது கவனிக்கக் கண் இருக்காது. அதற்காகத்தான் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். நேரம் மிச்சமாவது கூடுதல் லாபம்.

நான் கணினி படித்தவள் இல்லை. கட்டளைகளை எழுத்தில் தட்டிக் கணினியை ஏவும் டெர்மினலில் கை பழகியதே இந்த வேலை வழியாகத்தான். நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாத, ஆனால் நாள் முழுக்க ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

டெர்மினலில் ஒவ்வொன்றாகத் தட்டும் கட்டளைகளை அதே வரிசையில் ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட். எந்த ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் எந்த நிரல், ஓட்ட வேண்டும் என்று முதல் வரியில் சொல்லி, ஃபைலுக்கு ஓடும் அனுமதியும் கொடுத்துவிட்டால் தயார். லினக்ஸில் பெரும்பாலும் இருப்பது பாஷ். பிரையன் ஃபாக்ஸ் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதியது, 1989-இல் வெளிவந்தது. மேக்கில் 2019-இன் கேட்டலினா பதிப்பு முதல் இசட்ஷெல். விண்டோஸில், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியை நிறுவிக்கொண்டால் லினக்ஸ் ஷெல்லே கிடைத்துவிடும்.

எதை ஸ்கிரிப்டாக்கலாம் என்று தெரியவில்லையா? டெர்மினலில் ஹிஸ்டரி (history) என்று தட்டிப் பாருங்கள். அண்மையில் கொடுத்த கட்டளைகள் வரிசையாக வரும். அதில் திரும்பத் திரும்ப வரும் நாலைந்து வரிகள் கண்ணில் படும். அடுத்த ஸ்கிரிப்ட் அங்கேதான் இருக்கிறது. கையால் செய்து பழகாத வேலையை நேரே ஸ்கிரிப்டாக எழுத எனக்கு மனம் வராது. கையால் செய்யும்போதுதான் அது எங்கெங்கே இடறும் என்பது தெரிகிறது.

பெயர் மாற்றும் ஸ்கிரிப்டையே எடுத்துக்கொள்வோம். ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, அது வந்த தேதியையும் புத்தகத்தின் சுருக்கப் பெயரையும் பெயருக்கு முன்னால் சேர்க்கும் ஒரு லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று, அவ்வளவுதான். தேதி மட்டும் 2025-03-09 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்க வேண்டும். தேதிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 சொல்லும் வரிசை இது. இப்படி வைத்தால் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். ‘எது கடைசியாக வந்தது?’ என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டாம்.

இதில் எல்லோரையும் படுத்துவது இடைவெளி. ‘இறுதி புதியது’ என்பது நமக்கு ஒரே பெயர். பாஷில் ஃபைல் பெயரைத் தாங்கி நிற்கும் வேரியபிளை இரட்டை மேற்கோளுக்குள் போடாமல் விட்டால் அது இடைவெளியில் உடைந்து, ‘இறுதி’ ஒரு ஃபைல், ‘புதியது’ இன்னொரு ஃபைல் என்றாகிவிடும். அதனால் வேரியபிள் எங்கே வந்தாலும் இரட்டை மேற்கோளைப் போட்டுவிடுங்கள். ஷெல்செக் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. விட்டுப்போன மேற்கோள்களை வரி எண்ணோடு சுட்டிக்காட்டும். புதிதாக எதை எழுதினாலும் அதில் ஒரு தடவை ஓட்டிவிடுகிறேன்.

அப்புறம், எக்கோ. பெயர் மாற்றும் எம்வி (mv) கட்டளைக்கு முன்னால் எக்கோ (echo) என்று சேர்த்துவிட்டால் எந்த ஃபைலும் நகராது. எந்தப் பெயர் என்னவாக மாறப்போகிறது என்பது மட்டும் திரையில் வரிவரியாக வரும். அந்த வரிகளையும் மெய்ப்புப் பார்த்துவிட்டு, சரி என்று பட்டால் எக்கோவை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவேன். ஃபைலை நகர்த்துகிற, அழிக்கிற எந்த ஸ்கிரிப்டையும் முதலில் இப்படி வாயால் சொல்லவைத்துக் கேட்டுவிட வேண்டும்.

ஸ்கேன் செய்த பக்கங்களை எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற மென்பொருள். ஹெச்பி நிறுவனத்தில் 1980-களில் உருவாகி, 2005-இல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. தமிழ் எழுத்துகளைப் படிக்கவும் அதற்குத் தெரியும். ஒரு படத்தைக் கொடுத்தால் ஒரு எழுத்து ஃபைல் தரும். முந்நூறு பக்கப் புத்தகத்துக்கு அதையே முந்நூறு தடவை தட்டவா முடியும்? லூப்பில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். இங்கே பக்க எண்ணைக் கவனிக்க வேண்டும். ஷெல் பெயர்களை எழுத்தாகத்தான் வரிசைப்படுத்தும். அதற்கு 1-க்கு அடுத்து 10, 100, 101. அதெல்லாம் முடிந்த பிறகுதான் 2. ஆகவே முதலிலேயே 001, 002 என்று மூன்று இலக்கத்தில் பெயர் வைக்கிறேன். லூப்புக்குள் ஒரு நிபந்தனையும் உண்டு: அந்தப் பக்கத்தின் எழுத்து ஃபைல் ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போ. நடுவில் மின்சாரம் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் முன்னேற்பாடு. ஸ்கிரிப்ட் என் தொழிலுக்குள்ளேயே வருவது கிரெப் மூலமாகத்தான்.

கிரெப் ஒரு தேடும் கருவி. நாம் சொல்லும் வடிவம் எந்தெந்த வரியில் இருக்கிறதோ அந்த வரிகளைக் காட்டும், கேட்டால் வரி எண்ணோடு. வடிவங்களை ஒரு தனி ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்தால், அந்த ஃபைலையே கொடுத்துத் தேடச் சொல்லலாம். அந்த ஃபைலில் ஒரு காலி வரிகூட இருக்கக் கூடாது. காலி வரி எல்லா வரிகளோடும் பொருந்திவிடும், புத்தகம் முழுக்கத் திரையில் ஓடும்.

என் பட்டியலின் முதல் வடிவம்: ‘இந்த’, ‘அந்த’, ‘எந்த’ ஆகியவற்றில் ஒன்று, ஓர் இடைவெளி, பிறகு க, ச, த, ப ஆகியவற்றில் ஒன்று. அதாவது ‘இந்தப் பக்கம்’ என்று இருக்க வேண்டியது ‘இந்த பக்கம்’ என்று இருக்கும் இடங்கள். அடுத்தது, ‘ஒரு’ என்பதற்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் சொல். ‘ஒரு ஊர்’ என்பதை ‘ஓர் ஊர்’ ஆக்க வேண்டுமா என்று பார்ப்பதற்கு. கண்ணுக்கு நன்றாகப் பழகிய பிழைகள் இவை. வாக்கியத்தின் பொருளில் மனம் போய்விட்டால் கண் தாண்டிப் போய்விடும். கிரெப் தாண்டாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஔகாரப் பிழை. ‘கௌரவம்’ என்பதைப் பலர் க, ஒற்றைக்கொம்பு, பக்கத்தில் ள என்று தட்டி ‘கெளரவம்’ ஆக்கிவிடுவார்கள். ‘ஔவையார்’ இதே வழியில் ‘ஒளவையார்’ ஆவார். திரையில் பார்த்தால் வேறுபாடே தெரியாது, பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். கிரெப்புக்கோ இரண்டும் வேறு வேறு குறியீடுகள். ஒற்றைக்கொம்புக்கோ ஒ-வுக்கோ பின் ள வரும் இடங்களைக் காட்டு என்றால் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும்.

அப்படியானால் தேடி மாற்றும் செட் கட்டளையை வைத்து ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது. ‘தெளிவு’ என்ற சொல்லில் இருப்பதும் ஒற்றைக்கொம்பும் ள-வும்தான். ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ எல்லாமே அப்படித்தான். ‘ஒளி’யில் இருப்பது ஒ-வும் ள-வும். ஒட்டுமொத்தமாக மாற்றினால் பத்துப் பிழைகளைத் திருத்த நூறு நல்ல சொற்களைச் சிதைக்க வேண்டியிருக்கும். ஆகவே என் ஸ்கிரிப்ட் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும், திருத்துவது நான்தான். தமிழில் எழுத்துத் திருத்தத்தைத் தானியங்கியாக்க நினைக்கும் யாருக்கும் இதைத்தான் சொல்வேன். நகர்த்துவது, எண்ணுவது, சுட்டிக்காட்டுவது ஆகியவற்றை ஸ்கிரிப்டுக்கு முழுதாக விட்டுவிடலாம். ஒரு சொல்லைத் தொட வேண்டும் என்றால் அந்த வாக்கியத்தைப் படித்த ஒருவர் வேண்டும்.

கிரெப்போடு இன்னும் சில கட்டளைகளைக் கோத்தால் சொற்பட்டியல் கிடைக்கும். புத்தகம் முழுவதிலும் இடைவெளிகளை வரி முறிவுகளாக மாற்றினால் வரிக்கு ஒரு சொல். அதை சார்ட் கட்டளையிடம் கொடுத்து அடுக்கி, யூனிக் கட்டளையிடம் கொடுத்து ஒவ்வொரு சொல்லும் எத்தனை தடவை வந்தது என்று எண்ணச் சொல்ல வேண்டும். யூனிக் அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளைத்தான் சேர்த்து எண்ணும், அதனால் அடுக்குவது கட்டாயம். பட்டியலில் ‘முயற்சி’ பல தடவை வந்து, அதன் பக்கத்திலேயே ‘முயற்ச்சி’ ஒரு தடவை வந்திருந்தால் உடனே கண்ணில் பட்டுவிடும். ‘கறுப்பு’, ‘கருப்பு’ இரண்டில் ஆசிரியர் எதை அதிகம் எழுதுகிறார் என்பதும் தெரியும். எது வேண்டும் என்று அவரிடம் எண்ணிக்கையோடு கேட்கலாம்.

ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்கு ஊட்டும் இந்தக் குழாய் வழி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. தோட்டக் குழாயில் இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களைக் கோக்க ஒரு வழி வேண்டும் என்று அங்கிருந்த டக் மெக்கில்ராய் 1964-இலேயே எழுதி வைத்தார். 1973-இல் அங்கேயே இருந்த கென் டாம்சன் அதை லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸில் சேர்த்தார். கிரெப்பும் டாம்சன் எழுதியதுதான். 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து, எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிக்க உதவும் யுடிஎஃப்-8 குறியீட்டை வடிவமைத்தவரும் அவரே. ஒரு தமிழ் ஃபைலைக் குழாயில் செலுத்தித் தமிழ்ச் சொல்லைத் தேடும்போது அவர் செய்த மூன்று பொருட்கள் ஒன்றாக உழைக்கின்றன. இதை அறிந்த நாளிலிருந்து எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘அம்மா’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறியீடுகள், 15 பைட். லினக்ஸின் ஃபைல் பெயர்களுக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட். அதாவது தமிழில் 85 குறியீடுகள்தான். அத்தியாயத் தலைப்பை முழுசாகப் பெயராக வைத்தால் சீக்கிரமே தீர்ந்துவிடும். ‘கொ’ இன்னும் நுட்பமானது. க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, பைட்டில் இரண்டு. பழைய மேக் கணினிகள் ஃபைல் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தன. அங்கிருந்து வந்த ‘கொடி’யை லினக்ஸில் நீங்கள் தட்டும் ‘கொடி’ கண்டுபிடிக்காமல் போகலாம். யூகான்வ் என்ற கருவி எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். எந்தப் பிரதி வந்தாலும் தேடுவதற்கு முன்பு என் ஸ்கிரிப்ட் முதலில் செய்வது அதைத்தான்.

பேக்கப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் கட்டளை போதும். மாறிய ஃபைல்களை மட்டும் வெளி டிஸ்குக்குக் கொண்டுபோகும். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தால் உள்ளே உள்ளவை போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். ஒத்திகை பார்க்க அதிலேயே வசதி உண்டு, முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். தினமும் தானாக ஓட, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டுகளை ஓட்டும் கிரான். டெர்மினலில் நன்றாக ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடவில்லை என்றால் முதலில், கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியலான பாத் வேரியபிளைப் பாருங்கள். கிரான் உங்கள் பாஷ் அமைப்புகளைப் படிக்காது, கட்டளைகளைச் சில இடங்களில் மட்டுமே தேடும். ஒவ்வொரு கட்டளையும் இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் எழுதிவிட்டால் தீர்ந்தது. குறித்த நேரத்தில் மடிக்கணினி அணைந்திருந்தால் கிரான் அந்த முறையை விட்டுவிடும். அனாக்ரான் வைத்துக்கொண்டால் மறுபடி இயக்கிய பிறகு விட்டதைச் செய்துவிடும்.

திருத்திய ஃபைலை ஆசிரியருக்கு அனுப்புவதையும் ஸ்கிரிப்டாக்க முடியும். நான் ஆக்கவில்லை. அனுப்புவதற்கு முன் ஃபைலை ஒரு தடவை திறந்து, நான் முடிவெடுக்காமல் விட்ட இடங்களைப் பட்டியலிட்டு, ஏன் விட்டேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுகிறேன். அந்தக் கடிதம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் வேறு.