இ-பைக் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்துவது: டைமர் வைத்துச் செய்து பார்த்தது

எடுத்துக்கொண்டது 48 வோல்ட், 13 ஆம்பியர்-மணி லித்தியம் அயான் பேட்டரி. உள்ளே 13 செல் தொகுதிகள் தொடராக இருக்கின்றன. ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட், மொத்தம் 54.6. கூட வந்த சார்ஜர் 2 ஆம்பியர். மாலையில் செருகிவிட்டுக் காலையில் கழற்றுவதுதான் பலருக்கும் வழக்கம். அப்படிச் செய்தால் செல் ராத்திரி முழுக்க உச்ச வோல்ட்டேஜிலேயே கிடக்கிறது. அந்த நிலையில் உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் மெல்லச் சிதையும், உள்மின்தடை ஏறும். சூடும் சேர்ந்தால் இரண்டுமே வேகமெடுக்கும்.

செல்லுக்கு 4.0 வோல்ட், அதாவது மொத்தம் 52 வோல்ட் அளவில் நிறுத்தினால் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே குறையும். உச்ச வோல்ட்டேஜில் 0.1 வோல்ட் குறைத்தாலே செல் தாங்கும் சார்ஜ் சுழற்சிகள் (ஏற்றி இறக்கும் தடவைகள்) ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்த வகை செல்களுக்குப் பொதுவான கணக்கு. அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதம் போதுமென்றால் நிறுத்தாமல் இருக்கக் காரணமே இல்லை.

சார்ஜரை டைமரில் செருகி, நேரம் முடிந்ததும் அணையவிடுவதுதான் வழி. அதற்கான கணக்கு எளிது. 30 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்ற 6.5 ஆம்பியர்-மணி வேண்டும். 2 ஆம்பியரில் அது மூன்றேகால் மணி நேரம். இவ்வளவு மெதுவான சார்ஜில் 80 சதவீதத்தைத் தாண்டும்வரை மின்னோட்டம் குறையாது, அதனால் கணக்கு பெரிதாகத் தப்பாது. ஆனால் சார்ஜரின் மேல் 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 1.8 மட்டுமே தருபவை உண்டு. அதைச் சரிபார்க்க, கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் உதவும். சாதாரண வகை ஏசி மட்டும்தான் காட்டும்; டிசி அளக்கும் வகை வேண்டும். அது இல்லையென்றால், கழற்றி அரை மணி நேரம் ஆறவிட்டு மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் பாருங்கள். 52-க்குக் கீழே நின்றால் அடுத்த முறை கால் மணி நேரம் கூட்டலாம். சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பது உண்மை நிலையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி நிறுத்தாதீர்கள்.

டைமர் வாங்கும்போது இரண்டு விஷயம். 24 மணி நேர வட்டு சுழலும் வகையைச் செருகியபடியே விட்டால் மறுநாள் அதே நேரத்தில் தானாகத் திரும்ப இயங்கும், 80 என்பது 100 ஆகிவிடும். ஒருமுறை ஓடி நின்றுவிடும் கவுன்ட்டவுன் வகைதான் சரி. இன்னொன்று, சார்ஜர் ஆன் ஆகும் கணத்தில் அதன் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் பாகங்கள்) ஒரே இழுப்பாக மின்னோட்டம் இழுக்கும். மலிவான டைமரின் தொடுமுனைகள் அதில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் அது அணையவே அணையாது. அதனால் முதல் சில தடவை கூடவே இருந்து, நேரம் முடிந்ததும் அணைகிறதா என்று பார்ப்பது நல்லது.

80, 90, 100 என்று சுவிட்ச் வைத்த சார்ஜர் கிடைத்தால் டைமரே வேண்டாம். சாதாரண சார்ஜரைத் திறந்து உள்ளே திருகி வோல்ட்டேஜ் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும். பவர் சப்ளை வேலை தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது.

எப்போதும் 80-லேயே நிறுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. பேட்டரிக்குள் செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். போர்டுகளில் பெரும்பாலானவை, எல்லாத் தொகுதிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சமன்செய்யத் தொடங்குவதே 4.2 வோல்ட்டை நெருங்கிய பிறகுதான். அப்போதும் கூடுதலாக நிரம்பிய தொகுதியிலிருந்து சில பத்து மில்லிஆம்பியர் அளவில்தான் கசியவிடும். 50 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 1 சதவீத வித்தியாசத்தை, அதாவது 130 மில்லிஆம்பியர்-மணியைச் சரிசெய்யவே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே மாதம் ஒருமுறை முழுசாக ஏற்றி, பச்சை விளக்கு எரிந்த பிறகும் சில மணி நேரம் விட்டு, அன்றைக்கே ஓட்டிவிடுவது முறை. பச்சை எரிந்தும் மொத்தம் 54-ஐத் தொடவில்லை என்றால், சார்ஜரின் வெளியீடு 54.6 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஒரு தொகுதி மட்டும் முந்திக்கொண்டு நிரம்பி, பி.எம்.எஸ். சார்ஜை வெட்டுகிறது. வண்டியின் சார்ஜ் மீட்டரில் பாதி மிச்சமிருக்க மேட்டில் திடீரென்று வண்டி நின்றால், ஏதோ ஒரு தொகுதி பின்தங்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

சூடு, குளிர் இரண்டையும் பார்க்க வேண்டும். ஓட்டி வந்த உடனே செருகாமல், உறை கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது: லித்தியம் மின்வாய்க்குள் புகாமல் மேலே உலோகமாகப் படியும், அது திரும்பாத சேதம்.

இதெல்லாம் 4.2 வோல்ட் செல்களுக்கு மட்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நடுவில் நெடுந்தூரம் ஒரே வோல்ட்டேஜில் நிற்பதால் மல்டிமீட்டரால் சதவீதம் சொல்ல முடியாது. லெட்-ஆசிட் நேர் எதிர். பாதியில் விட்டால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்படும், எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும்.

பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் 48 வோல்ட் அளவில் வைத்து, வண்டியிலிருந்து கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். பி.எம்.எஸ். சும்மா இருந்தாலும் சிறிது மின்சாரம் தின்னும், எனவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். எந்தத் தொகுதியாவது செல்லுக்கு 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்திருந்தால் சார்ஜ் போட்டு எழுப்பிப் பார்க்க வேண்டாம்; உள்ளே தாமிரம் கரைந்து படிந்து, அடுத்த சார்ஜில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.