ஆயா போட்ட குரோஷாவும் எங்கள் தோட்டத்து அணிலும்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் உறை இல்லாத சாமானே கிடையாது. ரேடியோவுக்கு ஒன்று, அப்புறம் வந்த டிவிக்கு ஒன்று, மேஜைக்கு, நாற்காலி முதுகுக்கு, தலையணை ஓரத்துக்கு, தண்ணீர்ப் பானையை மூட சுற்றிலும் பாசிமணி தொங்கும் ஒரு வட்டம். எல்லாமே அப்பாவின் அம்மா, அதாவது என் ஆயா, குரோஷா ஊசியால் நூலைப் பின்னிப் போட்டவை. சென்னை ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்போது இப்படித்தான் இருந்தன. யார் வீட்டு டிவி உறை நல்ல டிசைன் என்பதில் ஒரு சின்னப் போட்டியே உண்டு, வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் விசேஷத்துக்குப் போன இடத்தில் ஆயாவின் கண் முதலில் போவது உறை மேல்தான்.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குரோஷா கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டில் குடியிருந்த ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா. அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வே வேலை. ராயபுரத்துக்கும் ரயிலுக்கும் பழைய உறவு, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் இங்கிருந்துதான் கிளம்பியது, அதனால் ரயில்வேக் குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. அந்த அம்மா தன் பேட்டர்ன் புத்தகத்தைப் பார்த்துப் போடுவாராம், ஆயா அவர் கையைப் பார்த்துப் போடுவாராம். கடைசியில் பைனாப்பிள் டிசைனில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற அளவுக்கு ஆயாதான் தேறினார் என்று அம்மா சொல்வார். மாமியாரை இவ்வளவு புகழ்கிற மருமகள் அபூர்வம், அதனால் நம்பலாம்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த ஊசிதான். எஃகு ஊசி, முனையில் குட்டிக் கொக்கி, நடுவில் கட்டைவிரல் வைக்கும் இடம் மட்டும் தட்டையாக, வழவழவென்று தேய்ந்திருக்கும். கடல் காற்றில் எங்கள் ஊரில் எதுவும் துருப்பிடிக்கும், ஊசியும்தான். ஆயா அதற்கென்று தனியாக எண்ணெய் போட்டதில்லை. பத்துப் பதினைந்து கண்ணிக்கு ஒருமுறை ஊசியைத் தலைமுடிக்குள் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வார், தேங்காய் எண்ணெய் ஏறிவிடும், நூலில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். பேச்சு நிற்காது, கை நிற்காது, நடுவில் இந்த ஒரு இழுப்பு. நூல் பாரீஸ் கார்னர் கடைத்தெருவில் வாங்குவது, ஆங்கர் உருண்டை. நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு: ரேடியோ உறைக்கு 20-ஆம் நம்பர், கைக்குட்டை ஓரத்துக்கு 40.

வீட்டில் இருக்கிற பழைய உருப்படிகள் எல்லாம் வெள்ளை, பிற்பாடு போட்டவை எல்லாம் காபி கலர். ஆயாவின் ரசனை மாறிவிட்டது என்றுதான் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். காரணம் பக்கத்துத் துறைமுகத்தில் இறக்குகிற நிலக்கரியின் தூசி. காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம், அப்படி இருந்தது எங்கள் பக்கம். வெள்ளையில் போட்டால் எந்த நேரமும் துவைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று ஆயா நூலையே மாற்றிவிட்டார். நீதிமன்ற உத்தரவுப்படி 2011 அக்டோபரோடு நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது, கொடியில் காயும் வேட்டி அதற்குப் பிறகுதான் வேட்டியாகக் காய்ந்தது. எண்ணூர்க்காரர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்றும் தெரியும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். தோட்டம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். குறுகலாக நீண்டு போகிற வீடு, கடைசியில் நாலு கயிற்றுக் கட்டில் போடுமளவு மண் தரை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, செம்பருத்தி, துவைக்கிற கல், இரண்டு கொடிக்கயிறு. முருங்கை ஒவ்வொரு புயலுக்கும் முறியும், 2016 வர்தாவில் அடியோடு போனது. அதிலேயே ஒரு கொம்பை வெட்டி நட்டார் அம்மா, இப்போது பழைய மரத்தைவிடப் பெரிசு. இவ்வளவு சின்ன இடத்துக்கு வந்துபோகிற ஜீவன்களை எண்ணி மாளாது. தண்ணீர் வைக்கிற மண் சட்டியில் காக்கா எங்கிருந்தோ காய்ந்த ரொட்டியைக் கொண்டுவந்து ஊறப்போட்டுத் தின்னும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் என்பதால் சில நாள் மீன் தலை ஊறும், அன்றைக்குச் சட்டி கழுவுவது யார் என்று சண்டை வரும். கோடையில் குயில் கத்தும், காக்கா துரத்தும், அவ்வளவு துரத்தியும் குயில் அதன் கூட்டில்தான் முட்டை வைத்திருக்கும். ஜூன், ஜூலையில் மதில் மேல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் குயில் குஞ்சுக்குக் காக்கா மாங்கு மாங்கென்று ஊட்டுவதைப் பார்க்கலாம்.

தேன்சிட்டு ஒரு வருஷம் கொடிக்கயிற்றின் ஓரத்திலேயே கூடு கட்டியது. கட்டியது முழுக்கப் பெட்டைதான். ஒட்டடை, நார், மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் சேர்த்துத் தொங்குகிற பை, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் மழைக்குத் தாழ்வாரம். குஞ்சு பறக்கிறவரை அந்தக் கயிற்றில் ஒரு கைக்குட்டை காயப்போடக்கூட ஆயா விடவில்லை.

ஆயா போன பிறகு உருப்படிகள் எல்லாம் பீரோவுக்குப் போயின, அந்துருண்டையோடு. அது அத்தையின் ஏற்பாடு. பருத்தி நூலுக்கு அந்துருண்டை அநாவசியம், அந்துப்பூச்சிப் புழு தின்பது கம்பளியையும் பட்டையும். குரோஷாவுக்கு எதிரி வாலில் மூன்று இழை நீட்டிக்கொண்டு வழுக்கி ஓடுமே, அந்த வெள்ளிப் பூச்சி. அதற்குக் கஞ்சி என்றால் உயிர். ஆயா உறை விறைப்பாக நிற்க ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கித்தான் காயப்போடுவார். அந்தக் கஞ்சியோடு அப்படியே மடித்து வைத்தால் பூச்சிக்கு நாமே விருந்து வைத்தது போலத்தான். உள்ளே வைக்கத்தான் வேண்டுமென்றால் கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்து, பழைய வெள்ளை வேட்டியில் சுருட்டி வைக்கலாம். மடித்தே வைத்திருந்தால் நாளடைவில் அந்த மடிப்பில் இழை நைந்து அறுந்துவிடும்.

அம்மா ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்து அலசி, தோட்டத்தில் காயப்போட்டார். அத்தை வந்து பார்த்துவிட்டு, “இன்னா அண்ணி, அம்மா கைவேலைய போயி இப்பிடி வெயில்ல போட்டுக்கீற?” என்றார். “உங்கம்மா மூடி வைக்கப் போட்டதா, பூட்டி வைக்கப் போட்டதா?” என்று அம்மா கேட்டதும் அத்தை பதில் பேசவில்லை, காபி மட்டும் வேண்டாம் என்றார். நான் அம்மா கட்சி. பிறகு ஒவ்வொன்றாக வீட்டுக்குள் திரும்ப வந்தன, ரேடியோ இல்லாததால் ரேடியோ உறை தோட்டத்து ஸ்டூல் மேல்.

அங்கேதான் அணில் வந்தது. ஸ்டூல் விளிம்பில் உட்கார்ந்து உறையின் ஓரத்தைக் கடித்து, ஒரு நூல் முனை கிடைத்ததும் சர்ரென்று இழுத்து, முன்னங்கால் இரண்டாலும் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் காபி கலர் நூல் பிதுங்கி, எம்.ஜி.ஆர். காலத்து வில்லன் மீசை மாதிரி இருந்தது. கூரை ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கூடு, தேங்காய் நார், மிதியடிப் பிசிறு, யாரோ எறிந்த பஞ்சு எல்லாம் அங்கே இருக்கிறது. உறையின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குப் போய்விட்டது. கடைசி முடிச்சு இருக்கும் இடத்தை அது பிடித்திருந்தால் வரிசை வரிசையாக முழு உறையும் பிரிந்திருக்கும். நடுவில் கடித்தால் அவ்வளவு ஓடாது, குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக இறுகி நிற்கும், ஸ்வெட்டர் மாதிரி கீழே வரை ஓடுவது இல்லை.

அத்தைக்கு விஷயம் போனதும் போனிலேயே பேச்சு வாங்கினோம். எனக்கு அணில் மேல் கோபமே வரவில்லை. அதற்காக எல்லா உயிரையும் கொஞ்சுகிற ஆள் இல்லை நான். மழைக்குப் பின் முருங்கை அடிமரத்தில் கூட்டமாக அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சியைக் கண்டால் எனக்கு இப்போதே அரிக்கிறது. ஆனால் கறிவேப்பிலைப் புழு வேறு. சின்னதாக இருக்கும்போது இலைமேல் பறவை எச்சம் விழுந்திருக்கிறது என்றே தோன்றும், எந்தக் குருவியும் சீந்தாது. வளர்ந்ததும் இலைப் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு இரண்டை நீட்டும், ஒரு வாடை வரும். அப்புறம் கூடாகித் தொங்கி, கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு பட்டாம்பூச்சியாகப் போய்விடும். ரசத்துக்குக் கிள்ளிய கொத்தில் புழு இருந்தால் அம்மா அப்படியே கொண்டுபோய்ச் செடியில் விட்டுவிட்டு வேறு கொத்து கிள்ளுவார்.

உறையை அம்மாவே சரிசெய்துவிட்டார். புது நூல் கொஞ்சம் அடர்த்தியான நிறம், ஒட்டு தெரிகிறது. தெரியட்டும். குரோஷா இன்றைக்கும் கையால் போடுவதுதான், ஆந்திராவில் நரசாபூர்ப் பெண்கள் போடுகிற லேஸும் கைவேலைதான், 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவேலையில் கை மாறினால் தெரியத்தானே செய்யும்? பைனாப்பிள் விரிப்பை மட்டும் அத்தை எடுத்துப்போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

இப்போது என் மகளுக்குப் பானை மூடி போட ஆசை. மணியை முதலிலேயே நூலில் கோத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் பின்ன வேண்டும், அந்த வரிசைக் கணக்கு அத்தைக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பாரீஸ் போய் மணி வாங்க வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், கண்ணாடி மணியே வாங்கு, அந்தக் கனம் இருந்தால்தான் மூடி காற்றுக்குப் பறக்காது என்கிறார் அம்மா.