ஒரே ஊற்றில் இரண்டு பிணம்: ரெசிடென்ட் ஈவில் ரீமேக், மறுபடியும்

வேலை முடிந்தது. அந்தக் குறுகலான நடைவழியில் இரண்டு ஜாம்பிகளையும் ஒன்றின் கால்மாட்டில் இன்னொன்று விழும்படி சாய்த்து, ஒரே ஊற்று மண்ணெண்ணெயில் இரண்டையும் சேர்த்துக் கொளுத்திவிட்டோம். நண்பன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு "மச்சி, எரியுதுடா, ரெண்டுமே எரியுதுடா" என்று கத்தினான். இதற்காக எத்தனை முறை பழைய சேவ் கோப்புக்குத் திரும்பியிருப்போம் என்று கணக்கே இல்லை. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆடுவது ஜாம்பிகள் நிறைந்த மாளிகையில் உயிர் பிழைக்கும் திகில் வீடியோ விளையாட்டான ரெசிடென்ட் ஈவில், 2002-இல் வந்த அதன் ரீமேக்கின் எச்.டி. பதிப்பு. பாத்திரம் கிறிஸ், கடினம் நார்மல். எங்கள் ஏற்பாடு எளிது: ஒருவன் கையில் பேட் (கன்ட்ரோலர்), இன்னொருவன் கையில் வரைபடத் தாளும் பென்சிலும். விளையாட்டுக்குள் இருக்கும் டைப்ரைட்டரில் சேவ் செய்ததும் பேட் கை மாற வேண்டும். ஒவ்வொரு சேவுக்கும் ஒரு இங்க் ரிப்பன் செலவாகும், அதற்குப் பஞ்சம் என்பதால் யாரும் அவசரப்பட்டு சேவ் செய்ய மாட்டார்கள். பேட் வைத்திருப்பவன் சாகிற நிலையில் நொண்டிக்கொண்டிருந்தாலும் "இன்னும் ஒரு அறை, இன்னும் ஒரு அறை" என்று இழுப்பான். தொடரை முதலிலிருந்து வரிசையாக முடிப்பது என்று கிளம்பினோம், முதல் விளையாட்டிலேயே இந்த மாளிகை எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது.

1996-இல் வந்த மூலத்தை ஆடியவர்களுக்குத் தெரியும், அதில் விழுந்த ஜாம்பி விழுந்ததுதான், அதற்கப்புறம் அந்த இடம் நம்முடையது. ரீமேக்கையும் ஷின்ஜி மிகாமியே இயக்கினார், அந்த நிம்மதியைத்தான் முதலில் பிடுங்கினார். தலை சிதறாமலும் எரியாமலும் கிடக்கும் பிணம் கொஞ்ச நேரம் கழித்துக் கிரிம்சன் ஹெட்டாக எழும். நகம் நீண்டு, தோல் சிவந்து, ஓடி வரும். ஓடி வரும் என்பதுதான் விஷயமே, இந்த மாளிகையின் நடைவழிகள் எல்லாம் தள்ளாடி நடக்கும் ஜாம்பிக்கு அளவெடுத்துக் கட்டியவை. ஓடுகிற ஒன்று அங்கே வந்துவிட்டால் ஒதுங்க இடமில்லை.

மருந்து என்னவோ மண்ணெண்ணெய்தான். ஆனால் கேனில் இரண்டு ஊற்றுக்கு மேல் கொள்ளாது. கிறிஸுக்கு லைட்டர் தனி இடத்தில் இருப்பது ஆறுதல், இன்னொரு பாத்திரமான ஜில் என்றால் லைட்டரும் பொருள் வைக்கும் ஸ்லாட் ஒன்றைத் தின்னும். ஆனால் ஜில்லுக்கு எட்டு ஸ்லாட், கிறிஸுக்கு ஆறே ஆறு. துப்பாக்கி ஒன்று, தோட்டா ஒன்று, மூலிகை ஒன்று, கேன் ஒன்று. மிச்சம் இரண்டு. அந்த இரண்டில் சாவி, சின்னம், முகமூடி என்று மாளிகையின் மொத்தப் பொருளையும் சுமக்க வேண்டும். கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் எதையும் எடுக்க முடியாது, வைத்துவிட்டுப் போனால் பிணம் காத்திருக்காது.

இதில் எனக்கும் நண்பனுக்கும் முதல் நாளிலிருந்தே தகராறு. அவன் கட்சி: கண்ணில் பட்டதையெல்லாம் சுடு, சுட்டதையெல்லாம் எரி, வீடு சுத்தமாக இருக்கட்டும். என் கட்சி: எதையும் சுடாதே, நுழைந்து ஓடு. இரண்டையும் முழுசாகச் செய்து பார்த்தோம். அவன் வழியில் பாதி மாளிகைக்குள் மண்ணெண்ணெய் திண்டாட்டம். என் வழியில் உடம்பு தாங்கவில்லை, பச்சை மூலிகை எல்லாம் நடைவழிகளிலேயே கரைந்துவிட்டது. அப்புறம்தான் தாளை எடுத்து, எந்த நடைவழியை எத்தனை தடவை கடக்கிறோம் என்று கோடு போட ஆரம்பித்தேன். கோடு போட்டுப் பார்த்தால் படம் தெளிவாகத் தெரிகிறது. பொருள் பெட்டி இருக்கும் அறைகளை ஒட்டிய நடைவழிகளில் கோடுகள் குவிகின்றன. சில அறைகளுக்கு ஒரே முறைதான் போகிறோம், ஒரு பொருளை எடுத்துவிட்டால் அதற்கப்புறம் வாழ்நாளில் அந்தப் பக்கம் வேலையே இல்லை. அங்கே இருக்கும் ஜாம்பியைச் சுடுவது தோட்டாவையும் வீணாக்கி, பின்னால் ஒரு கிரிம்சன் ஹெட்டையும் வளர்ப்பதாகும். அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கட்டும்.

ஆக, எரிக்க வேண்டியவை கோடு குவிந்த இடங்களில் மட்டும். அங்கேயும் ஒரு பிணத்துக்கு ஒரு ஊற்று என்று போனால் கட்டாது. பிணங்கள் நெருக்கமாகக் கிடந்தால் ஒரே தீயில் இரண்டும் எரியும் என்பது இந்த விளையாட்டை ஆடுபவர்கள் பலருக்குத் தெரிந்த விஷயம். ஆனால் "நெருக்கமாக" என்றால் எவ்வளவு நெருக்கம் என்பதில்தான் எங்கள் உயிர் போனது.

எங்களுக்குக் கைகொடுத்த முறையைச் சொல்கிறேன். முதல் ஜாம்பியை அதன் இடத்தில் கொல்லக் கூடாது. சுவரோடு நின்று, அது நம்மை நோக்கி வரும்போது பின்வாங்கிப் பின்வாங்கி, இரண்டாவது நிற்கும் பக்கமாக இழுத்து வர வேண்டும். இரண்டும் பார்வைக்குள் வந்ததும் அவசரப்படாமல் முன்னால் இருப்பதை மட்டும் சுட வேண்டும். கைத்துப்பாக்கியில் சில குண்டு பட்டதும் அது விழும். விழுந்ததும் செத்துவிட்டது என்று நம்பக் கூடாது. உடம்புக்குக் கீழே ரத்தம் குளமாகப் பரவ வேண்டும், அதுதான் அத்தாட்சி. ரத்தம் பரவவில்லை என்றால் எழும், இல்லை தவழ்ந்து வந்து காலைக் கடிக்கும். இந்த ரத்தக் குளத்தைக் கவனிக்கிற வேலை தாள் வைத்திருப்பவனுக்கு, ஏனென்றால் பேட் வைத்திருப்பவனின் கண் முழுக்க அடுத்ததின் மேல் இருக்கும்.

இப்போதுதான் சிக்கல். முதலாவது விழுந்து கிடக்கிறது, இரண்டாவது அதைத் தாண்டி நம்மிடம் வருகிறது. அது பிணத்தின் மேல் கால் வைக்கும் அந்த நொடியில் சாக வேண்டும். முன்னமே சுட்டால் பிணத்துக்கு அந்தப் பக்கம் மல்லாக்க விழும், தாமதமானால் நம் கழுத்தில் இருக்கும். குண்டு பட்டதும் அது ஒரு அடி பின்னால் தள்ளாடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். கடைசியில் நண்பன் கண்டுபிடித்தது இதுதான்: இரண்டாவதை முதலில் தொலைவிலேயே சில குண்டுகள் போட்டுத் தளர்த்தி வைத்துவிட வேண்டும், விழுகிற அளவுக்கு இல்லாமல். அப்புறம் முதலாவதை முடித்துவிட்டு, இரண்டாவது பிணத்தைத் தாண்டி ஒரு காலெடுத்து வைக்கும்வரை பொறுத்தால், ஒன்றிரண்டு குண்டிலேயே அது அங்கேயே சரிந்துவிடும், பின்னால் தள்ளாடுவதால் சரியாகப் பிணத்தின் மேலேயே. எந்த ஜாம்பிக்கு எத்தனை குண்டு என்பது ஒவ்வொரு முறையும் மாறும், அதனால்தான் இவ்வளவு நேரம் எடுத்தது. சில முறை கைத்துப்பாக்கிக் குண்டே தலையைச் சிதறடித்துவிடும், அதுவும் நல்லதுதான், ஊற்று மிச்சம்.

ஷாட்கன்னை மேலே தூக்கிப் பிடித்து, மூஞ்சிக்கு நேரே வரவிட்டுச் சுட்டால் தலை போய்விடும், மண்ணெண்ணெயே வேண்டாமே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் காவலர் குடியிருப்பு முடிந்து மாளிகைக்குத் திரும்பியதும் ஹன்டர்கள் என்ற கொடிய பிராணிகள் வரும், அவற்றுக்கு ஷாட்கன் குண்டு கட்டாயம். உடம்பு நலிந்திருக்கும்போது ஹன்டரின் ஒரே வீச்சில் கழுத்து போய்விடும். ஜாம்பிக்குச் செலவழிக்கிற ஒவ்வொரு ஷாட்கன் குண்டும் அப்போது தெரியும். கிறிஸிடம் இருக்கும் ஃபிளாஷ் கிரனேடுகளைத்தான் நாங்கள் அவசரத்துக்கு வைத்துக்கொண்டோம், கழுத்தைப் பிடிக்கும் ஜாம்பியின் வாயில் அது போனால் தலையோடு கணக்கு தீர்ந்துவிடும். தற்காப்புக் கத்தி உயிரைக் காப்பாற்றும், தலையைத் தீர்க்காது. அதனால் இரண்டும் கையில் இருந்தால் குறுகலான இடத்துக்கு கிரனேடு, அகலமான கூடத்துக்குக் கத்தி.

கட்டுப்பாடு பற்றி ஒரு வார்த்தை. நான் பழைய டேங்க் கண்ட்ரோலில்தான் ஆடுகிறேன். கேமரா மாறினாலும் "முன்னால்" என்பது கிறிஸுக்கு முன்னால்தான், குழப்பமே இல்லை. எச்.டி. பதிப்பில் வந்த புதுக் கட்டுப்பாட்டில் நண்பன் ஆடுகிறான், ஜாம்பியைச் சுற்றி நழுவி ஓடுவதில் அது தெளிவாகவே சுலபம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்ன பின்வாங்கி இழுக்கிற வேலைக்கு டேங்க் கண்ட்ரோலை அடிக்க முடியாது. ஜாம்பியின் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நடக்கலாம், நின்ற இடத்தில் துப்பாக்கியை உயர்த்தலாம். அதற்கு நல்ல டி-பேட் (திசைப் பொத்தான்) வேண்டும். போன வருஷம் வாங்கிய ஒரு பேடில் மேலே அழுத்தினால் பக்கவாட்டிலும் பதிந்து கிறிஸ் சுவரைத் தேய்த்துக்கொண்டு நின்றான், மாற்றித் தரச் சொன்னதற்கு விற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. இந்த மாதிரி விளையாட்டுக்குப் பேட் வாங்குபவர்கள் ஸ்டிக், அதிர்வு எல்லாம் பார்க்கும் முன் டி-பேடில் நேர் மேல், நேர் கீழ் தனித்தனியாகப் பதிகிறதா என்று சோதித்துவிடுங்கள். அப்படியே திரையை 4:3-க்கு மாற்றிவிடுங்கள். 16:9-இல் படத்தின் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, காட்சி மெதுவாக மேலும் கீழும் நகர்கிறது. தரையில் கிடக்கும் பிணத்தைக் குறி வைத்து வேலை செய்பவனுக்கு அந்த வெட்டு பெரிய நஷ்டம்.

சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. கேமரா நம்மைக் காட்டும்போது ஜாம்பி திரைக்கு வெளியே இருக்கும். முனகலும் காலைத் தேய்த்து வரும் சத்தமும் மட்டும்தான். நண்பன் ஹெட்போனில் கேட்டே "இடப்பக்கம், ஒண்ணுதான், கம்பளத்துல நடக்குது" என்று சொல்லிவிடுவான், நான் குறியை உயர்த்தினால் கிறிஸ் தானாகவே அந்தப் பக்கம் திரும்புவான். ஒவ்வொரு கதவும் மெதுவாகத் திறக்கும் அந்தக் காட்சி பலருக்கு எரிச்சல், எங்களுக்கு அதுதான் ஆலோசனை நேரம். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை குண்டு, எரிப்பதா விடுவதா, எல்லாம் அந்தக் கதவு திறந்து முடிவதற்குள் பேசித் தீர்த்துவிடுவோம்.

மூலத்தை மனப்பாடமாக ஆடியவர்களை ரீமேக் குறி வைத்துத் தாக்குவது எனக்கு இப்போதும் வியப்பு. நாய்கள் கண்ணாடியை உடைத்துப் பாயும் அந்த நடைவழியில் முதல் தடவை கண்ணாடி விரிசல் மட்டும் விடும், நாய் வராது. உஷாராக நின்றவன் மூச்சு விட்டுவிட்டுப் போவான், பிற்பாடு வேறு வேலையாக வரும்போது பாயும். ஏற்கெனவே ஆடியவனின் நினைவையே ஆயுதமாக எடுத்து அவன் மேலேயே வீசுகிற வடிவமைப்பு இது. நண்பனுக்கு மூலம்தான் ஒசத்தி, அதன் சுத்தமான வேகம் ரீமேக்கில் இல்லை என்பான். எனக்கு ரீமேக்தான். கொன்றதற்கும் பொறுப்பு ஏற்க வைக்கிற விளையாட்டு வேறு எதுவும் எனக்கு இந்த அளவு பிடிக்கவில்லை.

இதற்கு நடுவிலேயே அடுத்தது பற்றிய சண்டையும் ஆரம்பமாகிவிட்டது. பழைய மூன்று விளையாட்டுகளும் 2024-இல் ஜிஓஜி என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் வந்துவிட்டதால் 1998-இன் இரண்டாம் பாகத்தை அங்கேயே எடுத்து வைத்தாயிற்று. அதில் கதையை இரண்டு பாத்திரங்களாக ஏ, பி என்று இரண்டு சுற்றில் ஆட வேண்டும், அவன் லியோனாக ஏ, நான் கிளேராக பி என்று முடிவு. பிரச்சினை ஆயுத அறை. அங்கே சப்மெஷின் கன்னும், இரண்டு ஸ்லாட் கூட்டித் தரும் பக்கப் பையும் இருக்கின்றன, ஏ-வில் எடுத்தது பி-யில் இருக்காது. பையை எனக்கு விட்டுவிடு என்கிறேன், பி-யில்தான் மிஸ்டர் எக்ஸ் என்ற ராட்சதன் துரத்துவான், எனக்குத்தான் மூலிகைக்கு இடம் வேண்டும். அவன் இரண்டையும் எடுப்பேன் என்கிறான். இன்னும் தீரவில்லை.

அதற்கு முன்னால் இங்கே ஆய்வகம் பாக்கி. அங்கே எரிபொருள் கேப்ஸ்யூலை நிரப்பி எடுத்து வர வேண்டும், நிரப்பியதும் ஓடக் கூடாது, ஓடினால் வெடிக்கும். இவ்வளவு நாள் நழுவி ஓடியே பிழைத்த எனக்கு நடந்தே வர வேண்டிய வழி. அதனால் காலிக் கேப்ஸ்யூலோடு போகும்போதே வழியில் இருப்பதையெல்லாம் முடித்துவிடுவது, மிச்சம் இருக்கும் ஷாட்கன் குண்டை அங்கே தாராளமாகச் செலவழிப்பது என்று நண்பன் திட்டம் போட்டிருக்கிறான். இந்த ஒரு தடவை அவன் கட்சிக்கே என் ஓட்டு. இங்க் ரிப்பன் இன்னும் இருக்கிறது, கேப்ஸ்யூலை எடுக்கும் முன் சேவ் செய்வோம், அப்படியென்றால் பேட் அவன் கைக்குப் போகும்.