இடும்பனுக்கு முதல் கும்பிடு

பழனிக்கு நான் மாலை போட்டது இது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் மலையேறவில்லை. ஒரு வருஷம் திண்டுக்கல் தாண்டுவதற்குள் கழற்றியாயிற்று. இன்னொரு வருஷம் ஒட்டன்சத்திரம் வரைக்கும் நடந்தேன். அங்கே கடை வாசலில் மாலையைத் துண்டில் முடிந்துகொண்டு உள்ளே போனவன், மூன்றாம் நாள்தான் வீடு திரும்பினேன். மூன்றாவதை எழுத வேண்டாம், அம்மா யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பாள்.

குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு பந்தலில் வேலை செய்கிறேன். மோர் அண்டா கழுவுவது, கொப்புளம் வந்த கால்களுக்கு எண்ணெய் போட்டு நீவி விடுவது. பச்சை வேட்டிக்காரர்கள் "சாமி, சாமி" என்று கூப்பிடும்போது உடம்பு கூசும். மலைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை. எந்த முகத்தோடு போய் அவன் முன்னால் நிற்பது?

"ஊரார் காலுக்கெல்லாம் எண்ணெ போடுற. நீ ஒருதடவ நடந்து போயிட்டு வந்தா என்னடா? எம் வேண்டுதல் அப்படியே நிக்குது" என்றாள் அம்மா. எழுபத்து நாலு வயது அவளுக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

நத்தம் பக்கத்திலிருந்து நடை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் ராத்திரி, ரோட்டோரம் அதே மாதிரி ஒரு கடை, அதே மாதிரி ஒரு பல்பு. கால் தானாக நின்றது. கை மாலை மேல் போய்விட்டது. ஆறு வருஷம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து குருசாமி முன்னாலிருந்து, "யப்பா, அந்தத் தண்ணி கேனைத் தூக்கிட்டு வா!" என்று கத்தினார். தூக்கினேன். இருபது லிட்டர். தோள் வலியில் கடை மறந்தது. முருகன் அன்றைக்குக் கேன் வடிவத்தில்தான் வந்தான்.

அடிவாரத்தில் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "செருப்ப இங்க விடுங்க சாமி, காசு வேணாம்." வெறுங்காலில் நடந்து வந்தவனிடம்! வேண்டாமென்றால் கையில் அர்ச்சனைத் தட்டைத் திணிக்கிறான். தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போதே இந்தக் கூத்து.

அம்மா பஸ்ஸில் வந்து அடிவாரத்து முருகன் கோயிலான திருவாவினன்குடியில் உட்கார்ந்திருந்தாள். மலையேற்றும் விஞ்ச் வண்டிக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, "நான் இங்கயே இருக்கேன், இதுவும் அவன் வீடுதான். நீ சாயங்காலமா போ, ராஜாவா பாரு. ஆண்டியா பாத்தா ஆண்டியாயிருவன்னு சொல்லுவாக" என்றாள். குருசாமியோ விடியற்காலை விஸ்வரூப தரிசனத்துக்கே, ஆண்டிக் கோலம் பார்க்கிற நேரத்துக்கே, கூட்டத்தைக் கிளப்பிவிட்டார்.

பாதி மலையில் இடும்பன் சன்னதி. அங்கே கும்பிடாமல் யாரும் மேலே போவதில்லை. அவன் அசுரன். சூரபத்மன் கூட்டத்து ஆள். அகத்தியர் சொன்னாரென்று சிவகிரியையும் சக்திகிரியையும் தோளில் சுமந்து வந்தவன், இங்கே இறக்கி வைத்தான், மறுபடி தூக்க முடியவில்லை. கோவணம் கட்டிய பையன் ஒருத்தன் மலைமேல் நின்று இது என் மலை என்கிறான். அவனோடு சண்டை போட்டு இடும்பன் விழுந்து செத்தான். பெண்டாட்டி இடும்பி அழுது கேட்டதில் எழுப்பிவிட்டு, அவனையே வாசல் காவலுக்கு நிறுத்திவிட்டான் முருகன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு அந்தப் படியில் காலை நீட்டி உட்கார்ந்தவன் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள்.

மேலே தள்ளுமுள்ளு. செல்போனைக் கீழேயே வாங்கி வைத்துவிட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து அப்படித்தான், அந்த மட்டுக்கும் நிம்மதி. சொல்ல வேண்டியதையெல்லாம் வழி நெடுக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மூன்று வருஷத்துக்கும் மன்னிப்பு, அந்த ராத்திரிக்கும் சேர்த்து.

திரை விலகியது. வலது கையில் தண்டம், இடது கை இடுப்பில். மார்பில் ராத்திரி பூஜையில் சாத்திய ராக்காலச் சந்தனம் வட்டமாய். நகை இல்லை, பட்டு இல்லை. தீபம் கிட்டே போனபோது அந்தச் சந்தனத்தின் ஓரம் மட்டும் ஈரமாய் மின்னியது. "நகருங்க, நகருங்க" என்று ஒரு கை முதுகைத் தள்ளுகிறது. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா, அம்மா கீழ உக்காந்திருக்கா."

அவ்வளவுதான். வெளியே தள்ளிவிட்டார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். முருகா, முருகா, உனக்கு நான் என்ன செய்தேன்!

இறங்கி வந்து அம்மா நெற்றியில் விபூதி வைத்தேன். ஆண்டிக் கோலம்தான் கிடைத்தது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்தாள்.

"உன்னைய நான் பாக்காத கோலமாடா? போடா."

பஞ்சாமிர்த டப்பா இரண்டு வாங்கி அம்மாவை பஸ் ஏற்றினேன். போனைத் திருப்பி வாங்கியதுமே பந்தலிலிருந்து அழைப்பு: அண்டா கழுவ ஆளில்லையாம். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒட்டன்சத்திரம் வண்டியில் ஏறிவிட்டேன்.