பிளேன்ரீ இடைவேளை
போன கிழமை திருகோணமலை உவர்மலையில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் ஆசிரியர் மாநாடு. ஆட்கள் ஏன் காசும் லீவும் செலவழித்து இதற்கெல்லாம் வருகிறார்கள்? பேச்சைக் கேட்கவா? அதை யூடியூபிலேயே கேட்கலாமே. என்னைக் கேட்டால் பிளேன்ரீ இடைவேளைக்குத்தான். பதினைந்து வருடமாகக் காணாத மட்டக்களப்புக் கூட்டாளி ஒருவன் ரோல்ஸைக் கையில் வைத்தபடியே, தன் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்க வைக்க என்னென்ன செய்து பார்த்தான் என்று சொன்னானே, அந்தப் பத்து நிமிடம்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் வேலைத் திருப்தி பற்றிச் சொன்னது, அதாவது எரிச்சல் தருபவை நீங்கினால் மட்டும் திருப்தி வந்துவிடாது என்பது, இங்கேயும் பொருந்தும் போல. மைக் இரைந்தால், சாப்பாடு பிந்தினால் எரிச்சல் வரும், ஆனால் அவை ஒழுங்காக இருந்துவிட்டால் மட்டும் ஒருவரும் மகிழ்ந்துபோவதில்லை. (எங்களுக்கு மைக்கும் இரைந்தது, சாப்பாடும் இரண்டரைக்குத்தான் வந்தது, சரி விடுங்கள்.)

பின்னேரம் ஏழு பேராகப் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு நடந்தோம். நிகழ்ச்சி நிரலில் இல்லாத கதையெல்லாம் அங்கேதான் கதைத்தோம். அடுத்தமுறை இடைவேளையை ஒரு மணித்தியாலம் ஆக்குங்கள் ஐயா, வேண்டுமானால் வரவேற்புரையை வெட்டுங்கள்.